இதய வால்வு மாற்றுமுன் யாரிடம் எதைக் கேட்பது?





அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்றொரு நபித்தோழர் இருந்தார்கள். அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் அவர்களுடைய மூக்கு அறுபட்டுப் போயிற்று. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார்கள். நாளடைவில் அதிலிருந்து துர்வாடை வீசத் தொடங்கியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தங்கத்தால் ஒரு மூக்குச் செய்து வைத்துக் கொள்ளும்படி அவர்களைப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் கிரந்தங்களில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதை மக்தபில் ஓதும் பிள்ளைகளும் அறிவார்கள். எனினும் இங்கே அது அனுமதிக்கப்பட்டது. நம் ஃபுகஹாக்கள், உடலில் பொருத்தப்படும் மாற்று உறுப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஹதீஸைத்தான் கையில் எடுக்கிறார்கள். இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முதலில் வைத்த வெள்ளியும் மூக்கின் இடத்தை நிரப்பத்தான் செய்தது. ஆனால் அந்த உடலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. பொருள் எப்படிப்பட்டது என்பதோடு, அதைத் தாங்க வேண்டிய உடல் எப்படிப்பட்டது என்பதும் பார்க்கப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடந்த சில ஆண்டுகளாக, அஸர் தொழுகை முடிந்ததும் மருத்துவமனைக் கோப்பைக் கையில் இடுக்கிக்கொண்டு வந்து அமரும் சகோதரர்கள் கூடி வருகின்றனர். "வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், ஹஜ்ரத். பன்றியின் வால்வை வைப்பார்களாமே, கூடுமா?" என்பது பெரும்பாலோரின் முதற் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால், அவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிற பத்துக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் சில மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. சில ஆலிமிடம் கேட்க வேண்டியவை. இன்னும் சில, அந்த வாசலைக் கடந்து வந்தவரிடம் மட்டுமே கேட்க முடிந்தவை. ஒருவரிடம் கேட்க வேண்டியதை மற்றவரிடம் கேட்பதனால்தான் நம் வீடுகளில் இத்தனை குழப்பம்.

வல்ல அல்லாஹ் நம் இதயத்தில் நான்கு வால்வுகளை அமைத்திருக்கிறான். இரத்தம் முன்னே செல்லும்போது திறந்து, பின்னே திரும்பாமல் மூடிக்கொள்ளும் கதவுகள் அவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. நம் நாட்டில் இக்கதவுகள் கெடுவதற்கு ஒரு பெருங்காரணம், சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல். நெருக்கடியான வீடுகளில், சிகிச்சை கிட்டாத ஏழைப் பிள்ளைகளை அது அதிகம் பிடிக்கிறது. மூட்டு வலி போய்விடும். வால்வில் தழும்பு நின்றுவிடும். இருபது, முப்பது வயதில், அநேகமாகப் பெண்களுக்குப் பிரசவ காலத்தில், மூச்சுத் திணறலாக அது வெளிப்படும். முதுமையில் வருவது வேறு வகை. மகா தமனியின் வாயிலிலுள்ள வால்வில் சுண்ணாம்பு படிந்து, கதவு திறக்கவே மறுக்கும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு முட்டல் ஆகியவை தோன்றிய பிறகும் அதைக் கவனியாமல் விட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்வது அதிகம். ஆகவே, "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்பது இதில் செல்லாது.

எல்லோருக்கும் வால்வை மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. சுருங்கிய மைட்ரல் வால்வைப் பலூன் செலுத்தி விரிக்க முடிகிறது. சிலருடையதைத் தைத்துச் செப்பனிட முடிகிறது. உள்ளதைக் காப்பாற்ற முடியுமா என்பதே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. முடியாதபோதுதான் மாற்று.

மாற்றாக வைக்கப்படுபவை இரு பெரும் வகை. ஒன்று, இயந்திர வால்வு. மக்கள் மெட்டல் வால்வு என்கிறார்கள். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும், லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து வைத்த வால்வு மைட்ரல் இடத்தில் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. இப்போது பெரும்பாலும் கார்பனால் ஆன இரு இதழ் வால்வுகளே வருகின்றன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல தோல்விகளுக்குப் பின் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலைக்கு ஏங்கி நின்ற ஏழைகளுக்கு அது பெரிய உதவியாயிற்று.

மற்றொன்று, திசு வால்வு. பன்றியின் இதய வால்வையே எடுத்துப் பதப்படுத்தியது ஒரு ரகம். மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையை வெட்டி வால்வாகத் தைத்தது இன்னொரு ரகம். 1965-இல் பாரிஸ் நகரில் விலங்கு வால்வை முதன்முதலில் மனிதருக்கு வைத்தபோது அது நீடிக்கவில்லை. பிறகு அலைன் கார்பான்டியே என்ற மருத்துவர், குளூட்டரால்டிஹைடு என்ற மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கு இம்மருந்தின் பெயர் புதிதன்று. அவர்கள் தோல் பதனிடப் பயன்படுத்துவதும் இதையே.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் பதில் இல்லை. இயந்திர வால்வு தேய்வதில்லை. பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதன்மீது இரத்தம் உறைந்துவிடாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் என்பன அவை. மாத்திரை குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும். மிகுந்தால் எங்காவது கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, சாதாரணமாக ஒன்றாக இருக்கும் அந்த எண்ணை 2-க்கும் 3-க்கும் இடையிலோ, மைட்ரல் வால்வானால் 2.5-க்கும் 3.5-க்கும் இடையிலோ நிறுத்த வேண்டும். திசு வால்வுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். இளைஞர்களில் இன்னும் விரைவாக. அப்போது மறுபடியும் சிகிச்சை.

அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, மகா தமனி வால்வைப் பொறுத்தவரை 50 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக இயந்திர வால்வையும், 65-ஐத் தாண்டியவர்களுக்குத் திசு வால்வையும் பொருத்தமெனக் கூறுகிறது. இடைப்பட்டவர்களுக்கு நோயாளியும் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. எந்த வயதினராயினும் நோயாளியின் வாழ்க்கை முறையையும் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. மஷ்வராவை மறந்துவிட்ட நமக்கு இது உறைக்க வேண்டும்.

கலந்து முடிவு செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னதும், நம்மவர் நேரே எங்கே போகிறார்? தேநீர்க் கடைக்கு!

அங்கே கிடைக்கும் ஆலோசனை எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அறுபத்தெட்டு வயதான ஒரு பெரியவர், சிகிச்சை முடிந்து நல்ல நிலையில் வீடு திரும்பினார். மருத்துவமனை கொடுத்த சீட்டில், வைக்கப்பட்டது பன்றியின் வால்வு என எழுதியிருந்ததைப் பேரன் படித்துச் சொன்னான். உடனிருந்த நண்பர் ஒருவர், "அப்படியானால் இனி உமது தொழுகை கூடாதே!" என்று ஒரு போடு போட்டார். பெரியவர் அதன்பின் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஜமாஅத்தில் நின்றால் பக்கத்திலிருப்பவரின் தொழுகையும் கெட்டுவிடுமோ என்று அஞ்சினாராம். ஐம்பதாண்டுகளாக முதல் ஸஃப்பை விடாதவர் அவர்! நெஞ்சைப் பிளந்து தைத்த வேதனையைத் தாங்கிக்கொண்ட அந்த மனிதர், நண்பரின் ஒரு சொல்லைத் தாங்க மாட்டாமல் படுத்துவிட்டார்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் இடம்பெற்றுள்ள ஒரு ஹதீஸை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலை உடைந்தது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை ஏது என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். இதைக் கேள்வியுற்ற கருணை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவருடைய மரணத்திற்கு அந்தத் தோழர்களையே பொறுப்பாக்கினார்கள். தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா, அறியாமைக்குக் கேட்பதுதானே மருந்து என்ற கருத்தில் கடிந்துரைத்தார்கள்.

அவர்கள் எதிரிகளா? இல்லை. உடன் உண்டு, உடன் உறங்கிய பயணத் துணைவர்கள். அன்புக்குக் குறைவில்லை. தங்களுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பதில் சொன்னதுதான் அவர்கள் செய்தது.

இனி மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். நம் பகுதியில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் கலந்து வாழ்வதால் இரு மத்ஹபின் நிலையையும் கூறிவிடுகிறேன்.

முறிந்த எலும்போடு நஜீஸான எலும்பை வைத்து இணைப்பது பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் பேசுகிறார்கள். சுத்தமானது கிடைக்காத நிலையில் அவ்வாறு செய்தவர் மன்னிக்கப்பட்டவர். அவருடைய தொழுகை செல்லும். சுத்தமானது இருந்தும் நஜீஸை வைத்திருந்தால், பெருந்தீங்கு நேரும் என்ற அச்சம் இல்லாதபோதுதான் அகற்ற வேண்டும். இதய வால்வை அகற்றினால் தீங்கு நேருமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை! ஆக, அந்தப் பெரியவரின் தொழுகைக்கு எந்தக் குறையும் இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் இல்லை. களாச் செய்ய வேண்டியதும் இல்லை. ஹனஃபி மத்ஹபில், ஆடு, மாடு, ஒட்டகம் முதலியவற்றின் எலும்பால் சிகிச்சை செய்யலாம், பன்றியினுடையதையும் மனிதனுடையதையும் தவிர்க்க வேண்டும் என்ற இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து ஃபதாவா ஆலம்கீரியில் உள்ளது. எனினும், நிவாரணம் இதில்தான் என அறியப்பட்டு, இதன் இடத்தில் நிற்கக்கூடிய வேறு மருந்து அறியப்படாதபோது சலுகை உண்டென்று பிற்கால ஹனஃபி அறிஞர்கள் கூறியுள்ளார்கள்.

"அப்படியானால் மாட்டு வால்வு கேட்டு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு எளிதன்று. ஷரீஅத் முறைப்படி அறுக்கப்படாத மாடு மைத்தாதான். அதன் உறுப்பும் ஷாஃபிஈ சட்டப்படி நஜீஸே. பன்றியைப் போலக் கடும் நஜீஸ் அல்ல என்பதே வேறுபாடு. பதனிட்டால் தோல் சுத்தமாகிவிடுமே என்றால், அச்சட்டம் தோலுக்குரியது. பன்றிக்கும் நாய்க்கும் அதிலும் விலக்கில்லை. இதய உறைக்கு அதை நீட்டலாமா என்பதில் நான் துணிவு கொள்ள மாட்டேன். ஆகவே மாட்டு வால்வும் நிர்ப்பந்தத்தின் வாசல் வழியாகத்தான் வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே பயன் தருமானால் இலேசானதையே எடுக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. இன்று மாட்டு உறையால் ஆன வால்வுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சிகிச்சைக்கு முன்பே வாய் திறந்து கேட்டால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அதற்கு இசைகிறார்கள். மேஜையில் படுத்தபின் கேட்க முடியாது! தொடை வழியாகக் குழாய் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலே வைக்கும் வால்வு 2002-இல் பிரான்சில் தொடங்கி இன்று முதியோர்க்குப் பரவலாகிவிட்டது. அதிலும் சில நிறுவனங்கள் மாட்டின் இதய உறையையும், சில பன்றியின் இதய உறையையும் பயன்படுத்துகின்றன. அங்கும் கேளுங்கள்.

அடுத்து, நன்றாகச் சிந்திக்க வேண்டிய இடம். கார்பன் வால்வில் நஜீஸ் என்ற பேச்சே இல்லை. அப்படியிருக்க, முஸ்லிமானவர் எந்த வயதிலும் இயந்திர வால்வைத்தானே எடுக்க வேண்டும்? சுத்தமானது கிடைக்கும்போது நஜீஸுக்கு ஏது அனுமதி? பேணுதலுள்ள சில இளைஞர்கள் என்னிடம் இப்படி வாதாடியிருக்கிறார்கள்.

இங்குதான் அர்ஃபஜா (ரலி) அவர்களின் வெள்ளி மூக்கு நமக்கு வழிகாட்டுகிறது. கிடைப்பது என்றால் கடையில் கிடைப்பது அல்ல. அந்த உடலுக்குப் பொருந்தக் கிடைப்பது. குடலில் அடிக்கடி இரத்தம் கசியும் எழுபது வயதுப் பெரியவருக்கு, ஆயுள் முழுவதும் இரத்தத்தை இளக்கும் மாத்திரை என்பது ஆபத்து. பரிசோதனை நிலையத்திற்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டிய, துணைக்கு ஆளில்லாத மூதாட்டிக்கும் அப்படியே. அவர்களைப் பொறுத்தவரை இயந்திர வால்வு கிடைக்காத பொருளே. மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு சபை 2003-ஆம் ஆண்டில் பன்றியிலிருந்து எடுக்கப்படும் புது வகை ஹெப்பாரின் ஊசியைப் பற்றி ஆராய்ந்தபோது, மாற்று மருந்து இருந்தும் அதன் பயன் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டு, தேவையளவில் அனுமதித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதய அறுவையின்போது இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவதே. கார்பன் வால்வு வைத்துக்கொண்டவரும் இந்த அனுமதியின் நிழலில்தான் பிழைத்து எழுந்திருக்கிறார். ஆதலால் ஒருவர் மற்றவரைப் பார்த்து முகம் சுளிக்க இடமே இல்லை.

எந்த வால்வு உடலுக்குப் பொருந்தும் என்பதை ஆலிம் சொல்ல முடியாது. நான் சொன்னாலும் கேட்காதீர்கள்! மருத்துவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமே என்று தயங்குவோருக்கு ஒரு சொல்: ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கே ஆபத்தான அப்பயணத்தில், பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமல்லர். தொழில் தெரிந்தவர், நம்பத்தக்கவர் என்பதே பார்க்கப்பட்டது.

மருத்துவரும் ஆலிமும் சொல்லி முடித்த பிறகும் ஒரு பெரிய பகுதி மிச்சமிருக்கிறது. அதைச் சொல்ல, பட்டறிந்தவர்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு காக்கா இருக்கிறார். நாற்பதாம் வயதில் இயந்திர வால்வு வைத்துக்கொண்டவர். சுற்று வட்டாரத்தில் யாருக்கு வால்வு சிகிச்சை என்று கேள்விப்பட்டாலும் போய்ப் பார்ப்பார். "நான் வைத்ததையே நீயும் வை" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொல்வதெல்லாம் வேறு. இரவில் ஊர் அடங்கியபின் தம் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று ஓசை கேட்பதைச் சொல்வார். முதல் மாதம் உறக்கம் வரவில்லையாம். இப்போது அது கேட்காவிட்டால்தான் உறக்கம் வராதாம். ஸஜ்தாவில் அவ்வோசையைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற சிறுவன், கடிகாரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார். அறுத்த மார்பெலும்பு கூடும்வரை, அதாவது இரண்டு மூன்று மாதங்கள், ஸஜ்தாவிலிருந்து கையூன்றி எழுவது எவ்வளவு வேதனை என்பதை அவர்தான் எனக்கே சொன்னார். நிற்க முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த சலுகையை மேடையில் பலமுறை கூறியிருக்கிறேன். நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழும் ஒருவரின் நெஞ்சில் உள்ள கம்பித் தையலை நினைத்துப் பார்த்து அதைக் கூறத் தொடங்கியது அதற்குப் பின்புதான்.

சிகிச்சை முடிந்து வீடு வந்த மூன்றாம் வாரம், காரணமின்றி அழுகை வரும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லி வைப்பார். ஈமான் குறைந்துவிட்டதோ என்று பயந்துபோன ஒருவருக்கு, "எனக்கும் வந்தது, தம்பி. போய்விடும். போகாவிட்டால் டாக்டரிடம் சொல்லுவோம்" என்ற அவருடைய சொல் செய்த வேலையை என்னுடைய நீண்ட உபதேசம் செய்திருக்காது.

உணவு விஷயத்திலும் அவர் சொல்வது பயனுடையது. முருங்கைக்கீரை போன்ற பச்சிலைகளில் இரத்தத்தை உறையச் செய்யும் சத்து மிகுதி. அறவே விட வேண்டியதில்லை; ஒரு வாரம் தினமும் தின்று மறுவாரம் தொடாமலிருப்பதுதான் தவறு. ரமளானில் கஞ்சியும் பொரித்த பண்டமுமாக உணவே மாறிவிடுவதால் ஐ.என்.ஆர். எண்ணும் மாறும். ஆகவே ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரையை இஃப்தாருக்குப் பின் எந்நேரம் எடுப்பது என்று கேட்டுக்கொள்வார். சுன்னத்தென்று கருதி ஹிஜாமாக் குத்திக்கொள்ள அழைத்தவர்களிடம், தாம் இரத்தம் இளக்கும் மாத்திரை உண்பதைக் கூறி மறுத்துவிட்டார். மிகச் சரி! மருத்துவர் அனுமதியின்றி அந்நிலையில் இரத்தம் குத்தி எடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். கருஞ்சீரகம், பூண்டு இவற்றை மருந்தளவில் உண்பதையும், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். உம்ராவில் தலையை மழிக்காமல் முடியைக் கத்தரித்துக்கொண்டார். மழிப்பது சிறப்பு என்றாலும் கத்தரிப்பதற்கும் மார்க்கம் அனுமதி தந்திருக்கும்போது, கத்தி பட்டால் நிற்காத இரத்தத்தோடு ஏன் போராட வேண்டும்? பல் பிடுங்குவதற்கு முன் வால்வு வைத்திருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லி, கிருமி வால்வைப் பற்றாமலிருக்க முன்கூட்டியே மருந்து பெற வேண்டும் என்பதையும் அவர் மறவாமல் கூறுவார்.

இவை யாவும் ஆண்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. நம் பெண்களுக்கு?

திருமணமாகி இரண்டாண்டான, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி. மைட்ரல் வால்வு கெட்டுவிட்டது. இளவயதாதலால் இயந்திர வால்வு என்று பேச்சு. மாமனார் சம்மதித்தார், கணவர் கையெழுத்திட ஆயத்தமானார். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கர்ப்பமாகி ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் வயிற்றுப் பிள்ளையை ஊனப்படுத்தக்கூடும். அஞ்சி மாத்திரையை நிறுத்தினால் தாயின் வால்வில் இரத்தம் கட்டிவிடும். பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்ணுக்கு, மறுசிகிச்சை வரும் என்று தெரிந்தே திசு வால்வு வைப்பதும் உண்டு. எந்த வழியிலும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்கப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் முடிவு செய்வது எந்த நியாயத்தில் சேரும்? நல்லவேளையாக, பக்கத்துத் தெருவில் இதே சிகிச்சை செய்துகொண்டு பிள்ளையும் பெற்ற ஒரு லாத்தா இருந்தார். அவரை என் வீட்டார் அழைத்துச் சென்றார்கள். மூடிய அறைக்குள் இரண்டு மணி நேரம் இருவரும் பேசினார்கள். வெளியே வந்ததும் அப்பெண், தன் கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் மறுபடி போய்ப் பேச வேண்டும் என்றாளாம். அவள் எதைத் தேர்ந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்களுடைய விஷயம்.

மாத்திரையால் மாதவிலக்கு மிகுந்து நீடிப்பதும் பெண்களுக்கு நேர்கிறது. வெட்கத்தால் வாரக்கணக்கில் தொழாமல் இருந்துவிடுகிறார்கள். ஷாஃபிஈ சட்டத்தில் பதினைந்து நாட்களையும், ஹனஃபி சட்டத்தில் பத்து நாட்களையும் தாண்டும் இரத்தம் ஹைளு அல்ல, இஸ்திஹாளா. குளித்து, ஒவ்வொரு வக்துக்கும் ஒளுச் செய்து தொழ வேண்டும். வழக்கமான நாட்களை எப்படிக் கணக்கிடுவது என்பதை ஆலிமாக்களிடம் கேட்டுத் தெளியலாம். அதோடு மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். மாத்திரை அளவு மிகுந்திருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. வால்வு மாற்று சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதன் பிறகு மாதந்தோறும் பரிசோதனைக்கும் பேருந்துக்கும் ஆகும் செலவைத் தாளாமல்தான் பல ஏழைகள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் ஜகாத் பெறத் தகுதியுள்ளோராயின் இதற்காகவும் கொடுங்கள். ஆளனுப்பி, "இம்மாதம் இரத்தம் பார்த்தீர்களா?" என்று கேட்கச் செய்யுங்கள். வாதக் காய்ச்சலுக்காகப் பென்சிலின் ஊசி போட்டு வருபவர்கள், வால்வை மாற்றியாயிற்றே என்று அதைத் தாமாக நிறுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முந்திய நாள் நலம் விசாரிக்கச் செல்பவர்கள் அதிக நேரம் அமர வேண்டாம். யார் யார் மேஜையிலேயே மரணித்தார்கள் என்ற சரித்திரமும் வேண்டாம். எந்த வால்வு என்ற பேச்சை அந்த இரவில் மறுபடி கிளப்பவே வேண்டாம். அது தீர்ந்துவிட்டது, இனி தவக்குல். நோயாளி தம் கடன்களையும் அமானிதங்களையும் எழுதி, மனைவியிடமோ மக்களிடமோ கொடுத்திருக்கிறாரா என்று மெல்லக் கேட்கலாம். வஸிய்யத் எழுதி வைப்பது மரணத்தை அழைப்பதாகாது. சுகமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய சுன்னத்து அது. எங்கள் தையற்கார காக்கா இதையும் சிரித்த முகத்தோடு கேட்டுவிடுவார். பிறகு, நோயாளிக்காக ஏழு தடவை ஓதும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆவைத் தலைமாட்டில் நின்று ஓதுவார். தம்முடைய கைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி மகனிடம் கொடுத்துவிட்டு, இஷாவுக்குப் பாங்கு சொல்லுமுன் எழுந்துவிடுவார்.